முகாம் கலைந்த பிறகு

பொங்கல் விளையாட்டுப் போட்டியை ராசாத்தி வேடிக்கை பார்க்கத்தான் போயிருந்தாள். அது 1959. ஸ்ரீரங்கத்தில் அந்த வருஷம்தான் பெண்களுக்கும் குண்டு எறிதல் உண்டு என்று அறிவித்திருந்தார்கள். பெயர் கொடுத்தவர்கள் இரண்டே பேர். மூன்றாவது ஆள் இல்லாவிட்டால் போட்டியே கிடையாது என்று மைக்கில் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். மேலூர்த் தோட்டத்தில் வாழைத்தார் சுமந்துவிட்டு, சும்மாட்டுத் துணியை இடுப்பில் செருகியபடி வந்து நின்றவளை, கூட வந்த பெண்கள் பிடித்து உள்ளே தள்ளிவிட்டார்கள்.

இரும்புக் குண்டைக் கையில் வாங்கியதும் ராசாத்திக்குச் சிரிப்பு வந்தது. நாலு கிலோ. தினமும் தோட்டத்திலிருந்து ரோட்டு லாரிக்கு அவள் சுமக்கிற தாரில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. நாயை விரட்டக் கல்லை விடுவதுபோல விட்டெறிந்தாள். போட்டிருந்த கோடுகளையெல்லாம் தாண்டிப் போய் விழுந்தது. அது செல்லாது என்றார்கள். கழுத்தோடு ஒட்டி வைத்துத் தள்ள வேண்டுமாம். சரியென்று தள்ளினாள். இரண்டு வருஷமாக ஜில்லாவில் முதலாவதாக வந்துகொண்டிருந்த இருதயமேரி டீச்சரைவிட அப்போதும் ஒன்றரை அடி கூடுதலாகப் போயிருந்தது.

இருதயமேரி பாலக்கரைக்காரி. பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் டிரில் டீச்சர். ராசாத்தியைவிட மூன்றே வயது மூத்தவள். தோற்ற அன்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனவள், எட்டாம் நாள் பஸ் பிடித்து மேலூருக்கே வந்துவிட்டாள்.

“நான் என்ன குட்டிக்கரணம் போட்டாலும் இருபத்தெட்டு அடிக்கு மேல போகாது. நீ ஒண்ணுமே தெரியாம இருபத்தொம்பதரை போட்டிருக்கே. ஞாயித்துக்கிழமையில கிரவுண்டுக்கு வா. ரெண்டு பேருமாப் பழகலாம்” என்றாள்.

“தார் தூக்குற பொண்ணுக்கு இரும்பு தூக்குற வேலை வேற எதுக்குங்க?” என்று கேட்டாள் ராசாத்தியின் அம்மா காளியாயி. கேட்டாளே தவிரத் தடுக்கவில்லை. தகப்பன் இல்லாத பெண். மாமன் மகன் அழகிரிக்கென்று பேசி வைத்திருந்தது. தாலி ஏறுகிற வரைக்கும் ஆசைக்கு விளையாடட்டும் என்று விட்டுவிட்டாள்.

அந்த ஆசை எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போயிற்று. 1961இல் மெட்ராஸில் நடந்த மாநிலப் போட்டியில் ராசாத்தி முதலாவதாக வந்தாள். அந்தச் சமயத்தில்தான் ஒலிம்பிக்கில் நம் ஆட்கள் கடைசியில் வருவது தேசத்துக்கே அவமானம் என்று பேப்பர்களில் எழுத ஆரம்பித்திருந்தார்கள். ஜில்லா ஜில்லாவாக ஆள் தேடி, முகாமில் வைத்துச் சோறு போட்டுப் பழக்கி, 1964 ஒலிம்பிக்குக்குள் ஆளாக்கிவிடுவது என்று டெல்லியில் ஒரு திட்டம் போட்டார்கள். அந்தத் திட்டத்தில் ராசாத்தி பெயரும் ஏறியது. காகிதத்தைக் கொண்டுவந்து படித்துச் சொன்னவள் இருதயமேரிதான். அவள் பெயர் அதில் இல்லை.

“ரெண்டு வருஷம் முகாம். அப்புறம் கவர்மெண்டு வேலைக்கு ஏற்பாடு பண்ணுவாங்களாம்.”

“கல்யாணம்?” என்றாள் காளியாயி.

“ரெண்டு வருஷம் பொறுக்க மாட்டானா அழகிரி?” என்றாள் ராசாத்தி. அழகிரியும் பொறுப்பதாகத்தான் சொன்னான்.

1962 ஜூன் மாதம் வடக்கே ஒரு ஊருக்கு ரயிலேறினாள். காலையில் ஒரு செம்பு பால், இரண்டு முட்டை. மத்தியானம் கறி. முதல் வாரம் தொண்டையில் இறங்கவில்லை. வீட்டில் அம்மா பழைய கஞ்சியைக் குடித்துக்கொண்டிருப்பாள் என்ற நினைப்பு. இரண்டாவது வாரத்திலிருந்து உடம்பே கேட்டு வாங்கித் தின்றது. எடை தூக்கினாள், ஓடினாள், தாவினாள். வாரத்துக்கு ஒரு நாள் கட்டாய ஓய்வு. உடம்பு பிடித்துவிட ஒரு அம்மாள் இருந்தாள். எங்காவது வலித்தால் டாக்டரிடம் காட்டலாம். தன் உடம்பை இத்தனை பேர் கவனிப்பார்கள் என்று அவள் கனவில்கூட நினைத்ததில்லை. அக்டோபரில் குண்டு முப்பத்துநாலு அடி போயிற்று. பயிற்சியாளர் அவர் பாஷையில் ஏதோ சொல்லி முதுகில் தட்டினார். கூட இருந்த மலையாளத்துப் பெண், “நாற்பதைத் தொடுவாய் என்கிறார்” என்றாள்.

அந்த மாசமே எல்லையில் சீனாக்காரனோடு சண்டை மூண்டது. செலவையெல்லாம் நிறுத்து என்று உத்தரவு வந்து முகாமைக் கலைத்தார்கள். ஒரே நாளில் பெட்டியைக் கட்டச் சொல்லி, ஆளுக்கொரு ரயில் டிக்கெட்டும் இங்கிலீஷில் டைப் அடித்த ஒரு தாளும் கொடுத்தார்கள். எந்தக் கிழமை எத்தனை தடவை தூக்க வேண்டும், எத்தனை தடவை எறிய வேண்டும் என்கிற பட்டியல் அது. “கூப்பிட்டு அனுப்புவோம். அதுவரைக்கும் பயிற்சியை விட்டுவிடாதே” என்று பயிற்சியாளர் சொன்னதை மலையாளத்துப் பெண் அழுதுகொண்டே தமிழில் சொன்னாள்.

ராசாத்தி விடவில்லை. ஊருக்கு வந்த மூன்றாம் நாளே தார் சுமக்கப் போனாள். சாயங்காலம் நாலு மணிக்கு வேலை முடிந்ததும் கொள்ளிடத்து மணலுக்குப் போனாள். குண்டுக்கு இருதயமேரி ஏற்பாடு செய்தாள். எடைக்கட்டை இல்லாததால் சாக்கில் மணலை அள்ளித் தைத்துக்கொண்டார்கள். இருதயமேரி ஆற்றுமணலில் உட்கார்ந்து தாளைப் பார்த்துப் படிப்பாள்.

“குனிஞ்சு தூக்குறது, பத்து தடவை. அஞ்சு சுத்து.”

ராசாத்தி தூக்குவாள். முட்டையும் பாலும் சாப்பிடுகிற உடம்புக்குப் போட்ட கணக்கு அது. காலையில் கூழைக் குடித்துவிட்டு எண்பது தார் சுமந்த உடம்பு அதைச் செய்துகொண்டிருந்தது. ஓய்வு நாள் என்று தாளில் இருந்த ஞாயிற்றுக்கிழமைதான் தோட்டத்தில் லோடு அதிகம். இதை அவர்கள் இரண்டு பேருமே யோசிக்கவில்லை. டெல்லியில் படித்தவர்கள் போட்டுக் கொடுத்த தாள். அதில் ஒரு எழுத்துக் குறைத்தாலும் கூப்பிடுகிற அன்று தோற்றுப்போவோம் என்கிற பயம்தான் இருந்தது.

1963 தை மாசம் அழகிரி வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டான். “தடிமாடு மாதிரி வளர்ந்து நிக்கிறா, அவளைக் கட்டிக்கிட்டு நான் என்ன பண்றது” என்று சொன்னதாகக் காதுக்கு வந்தது. ராசாத்தி அன்றைக்கும் மணலுக்குப் போனாள். அந்தக் கோடையில் இடுப்பில் வலி தொடங்கியது. முதலில் குனிந்தால் வலித்தது. அப்புறம் இருமினால் வலித்தது. ஆடிக்குள் இடது தொடையின் பின்பக்கமாக நெருப்பு இறங்குவதுபோல இறங்கியது.

“டாக்டர்கிட்ட காட்டலாமா?” என்றாள் இருதயமேரி.

காட்டினார்கள். தார் தூக்குகிற பெண் என்று கேட்டதுமே அந்த டாக்டர், “கனமா தூக்காதே, சரியாப் போயிடும்” என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். குண்டு எறிதலைப் பற்றிச் சொன்னபோது அவருக்குப் புரியவில்லை. கனம் தூக்காமல் சாப்பிடுவது எப்படி என்று ராசாத்திக்கும் புரியவில்லை. டெல்லிக்கு இருதயமேரி எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை.

கடைசியில் 1964 பிப்ரவரியில் கூப்பிட்டார்கள். மெட்ராஸில் தேர்வு. காகிதம் கைக்கு வந்தபோது நடுவில் நாலே நாள்தான் இருந்தது.

“போகாதே” என்றாள் இருதயமேரி. “இந்த இடுப்போட போனா…”

“பதினாறு மாசமா எதுக்கு டீச்சர் மணல் மூட்டை தூக்கினேன்?”

காளியாயி பழைய சேலையைக் கிழித்து மகளின் இடுப்பில் இறுக்கிக் கட்டி அனுப்பினாள்.

மைதானத்தில் முதல் எறி முப்பத்துமூன்றரை அடி. உட்கார்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். இரண்டாவது முப்பத்துநாலைத் தாண்டியது. மூன்றாவதற்கு வட்டத்துக்குள் வந்து, குனிந்து, வலது காலை உந்தித் திரும்பும்போது இடுப்புக்குள் ஏதோ அறுந்ததுபோல இருந்தது. குண்டு காலடியிலேயே விழுந்தது. அவள் அதன் மேலேயே விழுந்தாள். எழுந்திருக்கப் பார்த்தாள். இடது பாதம் அவளுடையதாக இல்லை. அங்கே இருந்த ஒருவர் விசிலை ஊதி, அடுத்த பெண்ணின் பெயரைப் படித்தார்.

ஆஸ்பத்திரியில் இரண்டு மாசம் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். முதுகெலும்பில் ஒரு தட்டு நழுவி நரம்பை நசுக்கிவிட்டது என்றார்கள். ஆறு மாசத்துக்கு முன்னால் ஓய்வெடுத்திருந்தாலே போதும் என்றார் அங்கிருந்த பெரிய டாக்டர். மேலூருக்குத் திரும்பியபோது இடது பாதம் தரையைத் தேய்த்துக்கொண்டுதான் வந்தது. அதை அப்புறம் அவளால் தூக்கவே முடியவில்லை.

இருதயமேரி வந்து பாயின் ஓரத்தில் உட்கார்ந்து அழுதாள். “நான்தானே அந்தத் தாளைப் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்.”

“ஆமாங்க டீச்சர். நீங்க படிச்சீங்க, நான் செஞ்சேன்” என்றாள் ராசாத்தி. ஆறுதலாக வேறு ஒரு வார்த்தையும் அவளுக்கு வரவில்லை. இருதயமேரியும் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் வாரம் தவறாமல் வந்துகொண்டுதான் இருந்தாள்.

தார் சுமக்கிற வேலை போயிற்று. உட்கார்ந்தபடியே வாழையிலை அறுத்துக் கட்டுக் கட்டுகிற வேலை கிடைத்தது. அதில் ஒரு வருஷம் ஓடியது.

1965இல் டெல்லியிலிருந்து ஒரு குழு திருச்சிக்கு வந்தது. நம் ஆட்கள் ஏன் தேறுவதில்லை, அடுத்த ஐந்தாண்டுத் திட்டத்தில் என்ன செய்தால் தேறுவார்கள் என்று ஊர் ஊராகக் கேட்டு எழுதுகிற குழு. மூன்று பேர். பேசுவதை மொழிபெயர்க்க மெட்ராஸிலிருந்து அற்புதசாமி என்று ஒரு அதிகாரி. இருதயமேரி மனுப்போட்டு, ராசாத்தியை வாடகை வண்டியில் வைத்துப் பயணியர் விடுதிக்குக் கூட்டிப் போனாள்.

மேஜையில் பிஸ்கட் தட்டு இருந்தது. எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். ராசாத்தி எடுக்கவில்லை.

“பயிற்சியை ஏம்மா விட்டுட்டீங்கன்னு கேக்கறாங்க” என்றார் அற்புதசாமி.

“விடலைங்க. விடாததாலதான் கால் போச்சு.”

அவர் அதை இங்கிலீஷில் சொன்னார். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நடுவில் இருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு இன்னொன்று கேட்டார்.

“கவர்மெண்டு என்ன செஞ்சிருக்கணும்னு நீங்க நினைக்கிறீங்க?”

ராசாத்தியிடம் யாரும் இதுவரை அப்படிக் கேட்டதில்லை.

“முட்டையையும் பாலையும் நிறுத்தின அன்னிக்கே அந்தத் தாளையும் வாங்கி வச்சிருக்கணுங்க. இல்லே, ஊருக்குப் போனதும் இன்னாரைப் பாரு, இடுப்பு வலிச்சா அவருகிட்ட சொல்லுன்னு ஒருத்தரு பேரையாவது எழுதிக் குடுத்திருக்கணும். அவ்வளவு பெரிய திட்டத்துல, திரும்பிப் போறவளுக்குன்னு ஒரு வரி எழுதலையேங்க.”

அற்புதசாமி ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தார். நடுவில் இருந்தவர் எழுதிக்கொண்டார். நிறையவே எழுதினார். வெளியே வந்ததும் இருதயமேரி, “எல்லாத்தையும் எழுதிக்கிட்டாரு, பாத்தியா?” என்றாள். ராசாத்திக்கும் அன்று சாப்பாடு ருசியாக இருந்தது.

அடுத்த வருஷக் கடைசியில் அறிக்கை அச்சாகி வந்தது. இருதயமேரி எப்படியோ ஒரு பிரதியை வாங்கி, அட்டை போட்டு எடுத்துவந்தாள். நூற்றுச் சொச்சம் பக்கம். மைதானங்கள், கருவிகள், அயல்நாட்டுப் பயிற்சியாளர்கள் என்று எல்லாவற்றுக்கும் தனித்தனி அத்தியாயம் இருந்தது. ராசாத்தி சொன்னது எங்கேயும் இல்லை. கடைசியில் முகாமில் இருந்த பெண்களின் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. இருதயமேரி அந்த வரியைத் தமிழில் சொன்னாள்.

“ராசாத்தி, திருச்சி ஜில்லா. குடும்பக் காரணங்களால் பயிற்சியைக் கைவிட்டவர்.”

“இன்னொரு தடவை படிங்க.”

படித்தாள்.

“எந்தக் குடும்பங்க டீச்சர்?” என்று கேட்டாள் ராசாத்தி.

தவறைத் திருத்தச் சொல்லி எழுதினார்கள். கடிதம் கிடைத்தது, கவனிக்கப்படும் என்று ஒரு அட்டை வந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

1967இல் புதுத் திட்டப்படி புது முகாம். பள்ளிக்கூடங்களிலிருந்து பெயர் அனுப்பச் சொன்னார்கள். இருதயமேரியின் பள்ளியில் செல்லக்கிளி என்று ஒரு பெண் நானூறு மீட்டரில் நன்றாக ஓடினாள். பெயரை எழுதாமல் விட்டால் அந்தப் பெண்ணின் வாழ்வைக் கெடுத்ததாக ஆகும். எழுதினால் என்ன ஆகுமென்று இருதயமேரிக்குத் தெரியும். பாரத்தை எழுதாமலே ஒரு வாரம் வைத்திருந்துவிட்டு ராசாத்தியிடம் வந்தாள்.

“நான் வந்து அவங்க அம்மாகிட்ட பேசுறேன்” என்றாள் ராசாத்தி.

பாலக்கரையில் ஒரு சந்துக்குள் வீடு. அந்த அம்மாள் பெயர் ரங்கநாயகி. ராசாத்தி காலைத் தேய்த்துக்கொண்டு உள்ளே போய், நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொன்னாள்.

“அனுப்பாதீங்கன்னு சொல்லலைங்க. முகாம் நடுவுல நின்னா யாரு பொறுப்பு, அடிபட்டா எந்த டாக்டரு, வேலை தர்றது நிசந்தானான்னு மூணையும் எழுதி வாங்கிக்கிட்டு அனுப்புங்க.”

ரங்கநாயகி கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து நின்றாள்.

“உங்களுக்கு நடக்கலைங்கிறதுக்காக எம் பொண்ணுக்கும் நடக்கக் கூடாதா? கவர்மெண்டுகிட்ட எழுதிக் கேட்டா வேற பொண்ணைத்தானே கூப்பிடுவாங்க? நல்ல காரியம் பேசுற வீட்டுல வந்து இப்படிப் பேசுறீங்களே.”

ராசாத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அந்த அம்மாள் சொன்னதில் ஒன்று உண்மை. எழுதிக் கேட்டால் வேறு பெண்ணைத்தான் கூப்பிடுவார்கள். வெளியே வந்ததும் இருதயமேரி பையிலிருந்து பாரத்தை எடுத்து, சந்தின் சுவரில் வைத்து, செல்லக்கிளியின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ராசாத்தி பாரம் பறக்காமல் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள்.

செல்லக்கிளி ஜூன் மாதம் ரயிலேறினாள்.