கிரகணம் விட்டதும் மாற்றிய தண்ணீர்

சென்னையிலிருந்து ஆயிரம் மைல் தள்ளி, பெஹாலா ஃப்ளாட்டில் சுலோசனாவை ஆறு வருஷமாகக் கட்டிப்போட்டிருந்தவை இரண்டே இரண்டு கோமாளி மீன்கள். ஆரஞ்சு உடம்பு, வெள்ளைப் பட்டை, விரல் நீளம். மகன் நரேன் கனடா போனபோது, "ரெண்டு மாசம் பாத்துக்கோம்மா" என்று கண்ணாடித் தொட்டியோடு விட்டுப்போனான். ரெண்டு மாசமாம்!

குழாய்த் தண்ணீரில் பிழைக்கிற மீனா அது? பவளப்பாறையில் வாழ்கிற ஜாதி. கடல் உப்பை அளந்து கரைக்க வேண்டும். கரண்ட் போனால் காற்றுக் குழாயை பேட்டரிக்கு மாற்ற வேண்டும். வெங்காயமே யோசித்து நறுக்குகிற வீட்டில், மூக்கைத் தலைப்பால் மூடிக்கொண்டு இறால் நறுக்கினாள். அக்கா காமுவின் பெண் கல்யாணத்துக்குப் போகவில்லை. அத்திம்பேர் தவறியபோதும் போகவில்லை. மீன்களோ தொட்டியிலிருந்த கடல் சாமந்தி என்கிற, பூ மாதிரியான பிராணியின் கைகளை விட்டு ஒரு சாண் நகராது. கடலிலும் ஆயுசு பூரா அப்படித்தானாம். பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இப்போது காமுவுக்கு இருதய ஆபரேஷன். "நீ பக்கத்துல இல்லாம நான் டேபிள்ல ஏற மாட்டேன்டி" என்று சென்னையிலிருந்து அழுதாள். பாங்கிலிருந்து அப்போதுதான் ரிடையரான கணவர் ராகவேந்திரன், பத்து நாள் மீனைப் பார்த்துக்கொள்வதாகப் பெரிய மனசு பண்ணி ஒத்துக்கொண்டார். வியாழக்கிழமை ரயில்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சந்திர கிரகணம். விட்டதும் சுலோசனா தலைக்குக் குளிக்கப் போனாள். கிரகணத் தண்ணீர் வீட்டில் இருக்கக்கூடாதே! ராகவேந்திரன் குடத்தைக் கொட்டினார், பக்கெட்டைக் கொட்டினார், பிறகு சிரத்தையாக மீன் தொட்டியிலும் பாதியை மொண்டு கொட்டிக் குழாய்த் தண்ணீரை நிரப்பினார்.

ஈரத் தலையோடு வந்தவள் பார்த்தபோது இரண்டும் ஒருக்களித்து மிதந்தன. 'ஒழியட்டும் சனியன்கள்' என்று மனசார நினைத்தாள். பாழாய்ப்போன கை கேட்டால்தானே? பால்கனி டிரம்மில் கரைத்து வைத்திருந்த உப்புத் தண்ணீரில் மீன்களையும், கல்லோடு சாமந்தியையும் போட்டு, காற்றுக் குழாயைச் செருகினாள். ஒரு மணி நேரத்தில் மீன்கள் நிமிர்ந்து நீந்தின.

வீடியோ காலில் நரேன் பதறினான். "நல்லவேளை நீ இருந்தேம்மா! ஊருக்குப் போயிருந்தா? ப்ளீஸ்மா, இந்த டைம் போகாதே."

"அவன் சொல்றதும் சரிதானேடி" என்று ராகவேந்திரன் டிக்கெட்டை ரத்து செய்ய மொபைலை எடுத்தார்.

"ஏன்னா, நான் இருக்கறச்சேதானே கொட்டினேள்?"

ராகவேந்திரன் மொபைலைக் கீழே வைத்தார்.

"நான் இல்லேன்னா செத்துடும்னு ஆறு வருஷம் இங்கேயே கெடந்தேன். நான் இருந்தும் சாகத்தானே பாத்துது? வியாழக்கிழமை நான் ரயிலேறறேன். நரேன், உனக்கு அவ்வளவு கவலைன்னா நீ கெளம்பி வாடா."

போனை வைத்துவிட்டு, பரணிலிருந்து பெட்டியை இறக்கித்தரச் சொன்னாள் கணவரிடம்.