பதினாலு காணாது

அக்கா வீட்டு பல்கனிக் கதவின் கீழே செம்மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் உறை ஒன்று செருகிக் கிடக்கிறது. வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த ஆறாம் மாடி. பின்னேரமானால் காற்று கதவைத் தூக்கி அடிக்கும். அதைத் தடுக்கத்தான் இந்த உறை. வாளின் உறை போல நீளமாக, ஒரு முனை உருண்டிருக்கும். வருகிறவர்கள் அது என்னவென்று கேட்பதில்லை, ஏதோ உடைந்த விளையாட்டுச் சாமானென்று நினைப்பார்கள் போல. எனக்கு அளக்காமலே தெரியும், பதினெட்டு இஞ்சி. செயின் சோ என்கிற மரம் அரியும் மிஷினின் உறை அது. அதன் மேல் குறுக்காக ஒரு வெள்ளைக் கோடு, தையல் சோக்கால் கீறியது. காலும் கூட்டுகிற தும்புத்தடியும் பட்டுக் கோடு அழிந்துபோகும். அடுத்த கிழமை நான் போனால் புதுக்கோடு இருக்கும். அந்த வீட்டில் தையல் சோக்கு யாருடைய கையில் இருக்கிறதென்று தெரிந்தும், நெடுநாள் நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

மிஷினை வாங்கியவர் அக்காவின் கணவர், என் அத்தான். அவரைப் பற்றி எழுதுவதென்றால் முதலில் நல்லதாக நாலு வரி எழுதவேண்டுமென்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். ஒன்றும் வரவில்லை. எனக்கு அவரைப் பிடிக்காது. கண்ணெதிரே இருக்கிற மனிதரைப் பற்றி இப்படி எழுதலாமா என்று கேட்பவர்கள், ஒருநேரம் அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்து கேட்கட்டும்.

அவருடைய வாயில் ஒரு சொல் குடியிருந்தது. காணாது. போதாது என்பதற்கு எங்கள் ஆட்கள் சொல்லும் சொல்தான். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்த எல்லா வீட்டிலும் புழங்குவது. ஆனால் அத்தான் அதைச் சொல்லும்போது ஒரு நீதிபதி தீர்ப்பு வாசிப்பதுபோல இருக்கும். கறிக்கு உப்புக் காணாது. மகளுக்கு எண்பத்தெட்டுப் புள்ளி காணாது. கலியாண வீட்டில் ஆட்டிறைச்சிப் பிரியாணி வைத்தால் துண்டு காணாது. அக்கா பத்து மணித்தியாலம் குனிந்திருந்து ஒரு கலியாணப் பெண்ணுக்குப் பிளவுஸ் தைத்து முடித்தால், அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ‘வெளிச்சம் காணாமல் தைச்சிருக்கிறாய் போல’ என்பார். அக்கா நிமிரமாட்டாள். இடது கை விரல்களால் துணியைத் தள்ளியபடி தையல் மிஷினை ஓட்டுவாள். அந்தத் தையல் அவளுடையது. அந்த வீட்டில் அத்தானைக் கேட்காமல் அவள் செய்கிற ஒரே வேலை அதுதான்.

ஐம்பது வயதுக்குக் கிட்ட அத்தானுக்குக் காட்டுப் பைத்தியம் பிடித்தது. அந்த அடுக்குமாடியில் அவரைப்போலவே குளிரூட்டிய அறையில் உத்தியோகம் பார்க்கிற ஐந்தாறு பேர் சேர்ந்து, நீண்ட விடுமுறை வந்தால் கூடாரம் அடிக்கப் போகத் தொடங்கினார்கள். ஒருவருடைய அலுவலக நண்பருக்குக் கேகாலைப் பக்கம் றப்பர்க் காணி இருந்தது. காணியின் அடியில் ஓர் ஓடை, ஓடைக்கரையில் கூடாரம் அடிக்கத் தோதான திட்டி. அங்கே போகிற ஒற்றையடிப் பாதை மட்டும் மழைக்கு விழுந்த மரங்களால் மூடிப்போயிருந்தது. துப்புரவாக்கினால் நீங்களே பாவிக்கலாம் என்று காணிக்காரர் சொல்லிவிட்டார். அத்தான் தன்னைத்தானே தலைவராக்கிக் கொண்டார்.

நான் அப்போது கொட்டாஞ்சேனையில் ஒரு மிஷின் கடையில் வேலை. புல் வெட்டுவது, தண்ணீர் இறைப்பது, மரம் அரிப்பது எல்லாம் விற்போம். பதினொரு வருடம் அந்தக் கவுண்டரில் நின்றவள் நான். தோட்டக்காரர், மரம் தறிப்பவர், வீடு கட்டுபவர் என்று யார் வந்தாலும் முதலில் ஒன்றுதான் கேட்பேன்: அரியப்போகிற மரம் எவ்வளவு தடிப்பு? மிஷினின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் தகட்டை நாங்கள் பார் என்போம். அதைச் சுற்றித்தான் சங்கிலி ஓடும். மரத்தின் தடிப்பை விட பார் இரண்டு இஞ்சி நீளமாக இருந்தால் அலுவல் முடிந்தது. அதற்கு மேல் நீளம் வந்தால் பாரமும் கூடும், முனையும் மரத்துக்கு அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். ஓடுகிற முனை எதிலாவது பட்டால் மிஷின் துள்ளும். அந்தத் துள்ளலைப் பிடித்து நிறுத்தப் பழகிய கை வேண்டும்.

அத்தான் ஒரு சனிக்கிழமை கடைக்கு வந்தார். போனில் படங்களைக் காட்டினார். பாதையில் கிடந்தவை எல்லாம் றப்பர்க் கிளைகளும் தொடைத் தடிப்பில் சில மரங்களும்தான். ஒரு மைல் தூரம் தோளில் சுமக்கவேண்டும். பெற்றோலும் எண்ணெயும் வேறு. நான் பதினாலு இஞ்சி மிஷினை எடுத்து மேசையில் வைத்தேன்.

“பன்ரண்டே உங்களுக்குப் போதும் அத்தான். மிஞ்சினாப் பதினாலு எடுங்கோ. சின்னக் கொப்புகளுக்கு ஒரு கைவாள் கொண்டுபோங்கோ.”

“பதினாலு காணாது.”

“மரம் ஒன்பது, பத்து இஞ்சிதானே?”

“நீ ஒரு நாளாவது காட்டுக்குப் போனனியோ? கவுண்டரில நிண்டுகொண்டு எனக்குக் காடு படிப்பிக்கிறாய்.”

முதலாளி ஹாஜியார் உள்ளேயிருந்து எழுந்து வந்தார். விற்றால் போதுமென்று நினைக்கிற மனிதரல்ல அவர். “தங்கச்சி சொல்ற சைஸ்தான் சரி சேர். பதினெட்டெல்லாம் தறிக்கிற ஆக்கள் எடுக்கிறது. நீங்க எடுத்தீங்கண்டா கை கழண்டுரும்” என்றார். அத்தான் சிரித்தார். வெறும் சிரிப்பு. கூடாரக்காரர்களின் வட்ஸ்அப் குழுவில் பதினெட்டு என்று ஏற்கனவே போட்டுவிட்டாராம். அதைவிடச் சின்னதோடு போய் இறங்கினால் மரியாதை என்னாவது.

இந்த மிஷினை விற்றால் பொலிஸ் பதிவுக்கென்று ஒரு தாள் நிரப்பவேண்டும். அதில் பாரின் நீளம் எழுத ஓரிடம் இருக்கிறது. ‘பதினெட்டு எண்டு எழுது’ என்றார் அத்தான், பேனையை என் பக்கம் தள்ளி. எழுதினேன். பதினெட்டு முடிந்துவிட்டது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சாமான் உள்ளே இருந்ததென்று ஹாஜியார் காட்டிக்கொடுத்திருக்க மாட்டார். ஆனால் எனக்கும் கோபம். எடுத்துக்கொண்டு போய்ப் படட்டும், தோள்மூட்டு கழன்று வந்து நிற்கட்டும் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். படப்போவது யார் என்று அப்போது எனக்கு எங்கே தெரியும்.

பாதையைத் துப்புரவாக்கப் போன பயணத்துக்குச் சமைக்க ஆள் வேண்டுமென்று அக்காவையும் கூட்டிக்கொண்டு போனார். அக்கா என்னையும் வா என்றாள். வாகனத்திலிருந்து இறங்கியதும் காணிக் காவல்காரர் மிஷினைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “மஹத்தயா, மேக்க லொக்கு வெடி நே” என்றார். இது பெரிசு, கூடிப்போச்சு என்று சிங்களத்தில் சொன்னார் அந்த நல்ல மனிதர். முப்பது வருடம் கொழும்பில் இருந்தும் அத்தானுக்குச் சிங்களம் பஸ் கொண்டக்டரோடு முடிந்துவிடும். லொக்கு என்றால் பெரிசு என்பது தெரியும். வெடி என்றதைத் தமிழ் வெடியாகவே எடுத்துக்கொண்டார். “கேட்டனியளே, பெரிய வெடியாம்!” என்று எல்லோருக்கும் திரும்பிச் சொல்லிப் பெருமைப்பட்டார். ஐயோ கடவுளே என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். கொழும்பிலும் கேகாலையிலுமாக மூன்று பேர் சொல்லியாயிற்று. மூன்றாவது ஆள் சொன்னதைப் பாராட்டென்று வாங்கி வைத்துக்கொண்டார்.

முந்நூறு மீற்றர் நடக்குமுன்னே அவருக்கு மூச்சு வாங்கியது. “கொஞ்சம் பிடி” என்று மிஷினை அக்காவிடம் கொடுத்தார். அந்தக் கொஞ்சம் ஓடைக்கரைக்குக் கிட்ட வரையும் நீண்டது. அக்கா ஒரு தோளில் சமையல் பையும் மறு கையில் மிஷினுமாக நடந்தாள். அத்தான் முன்னால் ஒரு தடியை ஊன்றிக்கொண்டு வழி காட்டினார். நான் வாங்கக் கை நீட்டியபோது, “வேண்டாமடி, பிறகு அதுக்கும் ஒரு கதை வரும்” என்றாள்.

பெரிய மரங்களைப் பிறகு பார்க்கலாமென்று ஏறிக் கடந்து வந்தோம். பாதையின் கடைசி வளைவில் ஒரு றப்பர்க் கொப்பு குறுக்கே கிடந்தது. ஐந்து இஞ்சித் தடிப்புக்கூட இல்லை. கைவாளால் அரிந்திருந்தால் பத்து நிமிடம். அத்தான் கயிற்றை இழுத்து மிஷினை உயிர்ப்பித்தார். உறையை நான்தான் கழற்றிப் பிடித்திருந்தேன். கொப்பு ஆடியது. “அந்தப் பக்கம் நிண்டு பிடி. ஆடாமப் பிடி” என்று அக்காவுக்குச் சொன்னார். வேண்டாம் என்று நான் கத்தினேன். அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கும். கொப்புக்கு அந்தப் பக்கம் முனை ஓர் அடிக்கு மேல் நீட்டிக்கொண்டு நின்றது. அது பின்னாலிருந்த வேரில் பட்டது. மிஷின் மேலே துள்ளியது. பிறகு அக்கா தன் இடது கையைப் பார்த்துக்கொண்டு நின்றது மட்டும்தான் நினைவிருக்கிறது.

சுட்டுவிரலின் முதல் மூட்டு போய்விட்டது. நடுவிரல் இருக்கிறது, மடங்காது. கலங்கிப்போய் ஓடியபோது உறை எப்படியோ என் பைக்குள் வந்துவிட்டது, பிறகு அக்கா அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். மிஷின் அந்தக் காணியிலேயே நின்றுவிட்டது, பிறகு யார் கொண்டுபோனார்களோ தெரியாது. ஆஸ்பத்திரியில் டொக்டர் எப்படி நடந்ததென்று கேட்க, அத்தான் ஒரு நொடிகூட யோசிக்காமல் சொன்னார்: “குறுக்கக் கையை விட்டிட்டா.” அந்த வாயை அடித்து உடைக்கலாம் போல இருந்தது எனக்கு. நான் வாயைத் திறக்க, அக்கா நல்ல கையால் என் கையை அமத்தினாள்.

அதற்குப் பிறகு சொந்தக்காரர், அயலவர், மகளின் பள்ளிக்கூட ரீச்சர் வரை எல்லோருக்கும் அதே வசனம். குறுக்கக் கையை விட்டிட்டா. சொல்லச் சொல்ல அதற்கு மெருகு ஏறியது. ஒரு தலையாட்டலும் சேர்ந்துகொண்டது, பெண்கள் இப்படித்தான் என்பதுபோல. அக்கா எட்டு மாதம் தையல் மிஷினைத் தொடவில்லை. இப்போது சாறிக்கு ஓரம் அடிப்பாள், சின்னத் திருத்த வேலை எடுப்பாள். கலியாணப் பிளவுஸ் கேட்டு வருகிறவர்களைப் பக்கத்து லேனில் இன்னொருவரிடம் அனுப்பிவிடுகிறாள். விரல் போனதைவிட அந்த வசனம்தான் அவளைத் தின்றதென்று நான் நினைக்கிறேன். ஏனென்றால் கேட்டவர்கள் நம்பினார்கள்.

போன ஞாயிறு நான் அங்கே இருந்தேன். நாலாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்த இளம் கணவனும் மனைவியும் தேத்தண்ணீருக்கு வந்திருந்தார்கள். அவர்களும் காட்டுக்குப் போகிற ஆட்களாம். பாதை துப்புரவாக்க ஒரு செயின் சோ வாங்க யோசனை. எந்த அளவு நல்லதென்று அந்தப் பெடியன் அத்தானைக் கேட்டான். கேட்கவேண்டிய ஆள்தான்.

“பதினெட்டுக்குக் கீழ போகாதையுங்கோ, காணாது” என்றார் அத்தான். “மிஷினில பிழை வராது. பக்கத்தில நிக்கிற ஆக்கள் கவனமா இருக்கவேணும். எங்கட இவ குறுக்கக் கையை விட்டிட்டா.”

அக்கா தேத்தண்ணீர்த் தட்டை வைத்தாள். நேரே பல்கனிக்குப் போய், கதவின் கீழிருந்த உறையை இழுத்தெடுத்தாள். கதவு படாரென்று அடித்தது. உறையைக் கொண்டுவந்து பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, கழுத்தில் தொங்கிய அளவுநாடாவை அதன் மேல் பிடித்தாள்.

“இந்தக் கோடு பதினாலு. தங்கச்சி எடுக்கச் சொன்ன அளவு” என்றாள். குரல் உயரவில்லை. “கோட்டுக்கு அங்கால நாலு இஞ்சி. என்ர கை நிண்டது இதுக்குள்ள. நான் குறுக்க விடேல்லை. இவர் பிடிக்கச் சொன்ன இடத்தில, இவர் சொன்ன மாதிரிப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்.”

அத்தான் எதையோ சொல்ல வாயெடுத்தார். கதவு இன்னொருமுறை அடித்தது. அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

“போய்க் கதவைப் பிடியுங்கோ. ஆடாமப் பிடியுங்கோ.”

அவர் எழுந்து போனார். இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டு, கடலுக்கு முதுகைக் காட்டியபடி நின்றார். கீழே ஒரு ரயில் போனது. அந்தப் பெடியன் உறையையே பார்த்துக்கொண்டிருந்தான், பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பி, “அப்ப எந்த அளவு வாங்கிறது அன்ரி?” என்று கேட்டான்.

“பதினாலு” என்றேன்.

அக்கா சட்டைப் பைக்குள்ளிருந்து சோக்கை எடுத்து, மங்கியிருந்த கோட்டின் மேல் இன்னொருமுறை கீறினாள்.

“காணும்” என்றாள்.