கண்டறியாத குண்டு

ஒரு சாமான் பழசானால் திருத்த வேண்டும், திருத்த முடியாவிட்டால் எறிய வேண்டும். எனக்குத் தெரிந்த நியாயம் இதுதான். கனடாவில், ஸ்காபரோவில் நாங்கள் இருக்கும் அப்பார்ட்மென்டும் பழசுதான். லிஃப்ட் நினைத்தால் ஓடும், நினைத்தால் நிற்கும். குசினிச் சிங்குக்குக் கீழே எப்போதும் ஒரு வாளி நிற்கும். அதைச் சரித்திரப் புகழ் பெற்ற ஒழுக்கு என்று சொல்லி யாரும் வந்து படம் பிடித்துக்கொண்டு போனதில்லை. அதே ஒழுக்கு ஐரோப்பாவில் ஒழுகினால் பக்கத்தில் ஒரு பலகை நட்டு, கூடக் காசும் வாங்குவார்கள் என்பதை நான் நேரே போய்ப் பார்த்துத்தான் அறிந்துகொண்டேன்.

என் மனுசன், இவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றதற்கு மகளும் மருமகனும் தந்த பரிசு அந்தப் பயணம். அவர்கள் விட்பியில் இருக்கிறார்கள். வயலை வெட்டிக் கட்டிய புது வீடு, இன்னும் மரம்கூட முளைக்கவில்லை. ஆனால் மருமகனுக்குப் பழசு என்றால் உயிர். கனடாவில் பிறந்த பிள்ளை, நல்ல பிள்ளை, குறை சொல்லக்கூடாது. ஒரு தேத்தண்ணி குடிப்பதற்கும் நாலு பேர் எழுதிய விமர்சனத்தை வாசித்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். அவர் ஒரு இடத்தைத் தெரிவு செய்தால் அதைப் பற்றிப் போகும் வழியெல்லாம் பாடம் நடக்கும்.

ஊரையும் ஹோட்டலையும் மட்டும் மகள் தெரிவு செய்தாள். இவர் கனடாவுக்கு வர முதல், இளந்தாரி வயதில், ஜேர்மனியில் ஒரு சின்ன ஊரில் ஒரு வருஷத்துக்கு மேல் அகதியாக இருந்தவர். அதைப் பற்றி வீட்டில் கதைத்ததே இல்லை. 'ஹைம்' என்ற ஒரு சொல் மட்டும் எப்போதாவது வரும். அகதிகளைப் போட்டு வைத்திருந்த கட்டடத்துக்கு அங்கே அப்படித்தான் பெயர். என் கறியில் உப்புக் குறைந்தால், "ஹைம் சாப்பாடு மாதிரிக் கிடக்கு" என்பார். அவ்வளவுதான். மகள் ஊரின் பெயரைக் கேட்டாள், சொன்னார். அவள் அந்த ஊரின் பழைய நகரத்துக்குள் இருப்பதிலேயே பெரிய ஹோட்டலில் அறை எடுத்துவிட்டு, அப்பாவுக்கு ஒரு சர்ப்ரைஸ் இருக்கு என்று சிரித்துக்கொண்டு திரிந்தாள்.

பழைய நகரம் என்றால் கார் போகாது. கல் பதித்த ஒழுங்கையில் சூட்கேஸை இழுத்தோம். நடுவழியில் என்னுடையதன் சில்லுக் கழன்றது. இதுவே ஸ்காபரோ றோட்டாக இருந்திருந்தால் மாநகரசபைக்குப் போன் அடித்துக் கிழித்திருப்பார்கள். இங்கே அந்தக் கல்லை நிலத்தில் குந்தியிருந்து படம் பிடித்துக்கொண்டு இருக்கிறார்கள் சனங்கள். ஹோட்டலுக்கு லிஃப்ட் இல்லை. கட்டடத்தின் ஆன்மா கெட்டுவிடுமாம். என் முழங்கால் கெட்டால் பரவாயில்லை. படிக்கட்டு ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரம். அறைத் திறப்பு கோயில் கதவுத் திறப்பு மாதிரி, கைப்பைக்குள் அடங்காது. குளிக்கிற தொட்டிக்கு நாலு கால் இருந்தது, ஏறி இறங்க ஒரு பிடி இல்லை. கட்டில், திரும்பிப் படுத்தால் முறையிட்டது. முதியோர் இல்லத்தில் காலமெல்லாம் வேலை செய்தவள் நான். இப்படி ஒரு தொட்டியையும் படியையும் அங்கே வைத்திருந்தால் அடுத்த நாளே இழுத்து மூடியிருப்பார்கள். கண்டறியாத ஹோட்டல்.

எங்களை அறைக்குக் கூட்டிக்கொண்டு வந்த வரவேற்புப் பிள்ளை, சர்ப்ரைஸைக் காட்டினாள். ஜன்னலுக்குப் பக்கத்தில் மரத் தரையில் சோற்றுக் கோப்பையளவில் ஒரு கறுப்பு வட்டம். கருகிய தழும்பு. அதற்கு மேலே தடித்த கண்ணாடி பதித்து, சுற்றிவரப் பித்தளையில் ஒரு விளிம்பு. சுவரில் பலகை. அந்தக் காலத்துச் சண்டையில் எதிரிப்படை நகரத்தை வளைத்துச் சுட்டபோது, நெருப்பில் பழுக்கக் காய்ச்சிய ஒரு பீரங்கிக் குண்டு கூரையைப் பிய்த்துக்கொண்டு இந்த அறைக்குள் விழுந்ததாம். விழுந்தும் வீடு எரியவில்லையாம். அதனால் இந்த அறைக்குப் பெயரே பீரங்கி அறையாம். இதில் படுக்கவென்றே சனம் முன்கூட்டிப் பதிந்துவிட்டு வருமாம்.

அவள் இங்கிலிஷில் சொன்னதை மருமகன் எனக்குத் தமிழில் சொன்னார். எனக்கு இங்கிலிஷ் விளங்காது என்று அவருக்கு ஒரு நினைப்பு. நான் கேட்டுக்கொண்டு நின்றேன், எனக்குச் சிரிப்பு வந்தது. ஷெல்லுக்குப் பயந்து யாழ்ப்பாணத்திலிருந்து ஓடி வந்த இரண்டு பேரை, காசு கட்டிக் கூட்டிக்கொண்டு வந்து, குண்டு விழுந்த இடத்தில் படுக்க வைக்கிறார்கள். இதைப் போய் யாருக்குச் சொல்லி அழ?

பக்கத்து அறையில் தடதடவென்று சுத்தியல் சத்தம் கேட்டது. அந்தப் பிள்ளை மன்னிப்புக் கேட்டாள். தரைப் பலகைகள் உளுத்துவிட்டன, அறை அறையாகக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு போடுகிறோம், இந்த அறையில் மட்டும் கை வைக்க மாட்டோம், இந்தத் தழும்பு இருக்கிறதே என்றாள். பிறகு நல்லாய் இருங்கள் என்று போய்விட்டாள். மகளும் மருமகனும் தங்கள் அறைக்குப் போகத் திரும்பினார்கள்.

நான் முகட்டைப் பார்த்தேன். குண்டு என்றால் எங்கள் சனம் முதலில் முகட்டைத்தான் பார்க்கும். எங்கள் வீட்டுக்குள் ஷெல் விழுந்தபோது கூரையில் விழுந்த ஓட்டையால் நான் நட்சத்திரம் பார்த்திருக்கிறேன். வளை முறிந்து, ஓடெல்லாம் கொட்டுண்டு, சுவர் முழுக்கப் பொத்தல். விழுந்த இடம் ஒருநாளும் வட்டமாக, வடிவாக இருக்காது. இங்கே முகடு முழுக்கப் பூவும் கொடியும் கீறிக் கிடந்தது. அந்தச் சித்திரம் சண்டைக்கும் முந்தியது, இன்றுவரை யாரும் தொட்டுத் திருத்தவில்லை என்று அதே பலகையில் கீழே பெருமையாகப் போட்டிருந்தார்கள். கூரையைப் பிய்த்த குண்டு பூவைப் பிய்க்காமல் எந்த வழியால் வந்தது? கதவைத் தட்டிவிட்டு, சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு வந்ததா? மருமகனிடம் கேட்டேன். பிறகு திருத்தியிருப்பார்கள் மாமி, ஆராய்ச்சி செய்த ஆட்கள் சொன்னது பிழைக்காது என்றார். ஆராய்ச்சி செய்த ஆட்களின் தலைக்கு மேலே ஒரு ஷெல் போயிருக்காது என்று சொல்ல வாய்வரை வந்தது. மகளின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். இவ்வளவு ஆசையாக வந்த பிள்ளை.

அவர்கள் போன பிறகுதான் இவரைக் கவனித்தேன். ஜன்னலால் பின் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கீழே ஒரு கல் தொட்டியும் அதற்கு மேலே சிங்க முகம் வைத்த தண்ணீர்க் குழாயும் இருந்தன. சிங்கத்துக்கு ஒரு காது உடைந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றவர், திரும்பி வந்து, முழங்கால் நோவோடு மெல்லத் தரையில் குந்தினார். கண்ணாடிக்கு மேலே கையை விரித்து வைத்தார்.

"இஞ்சரும்," என்றார். "இதுதான் எங்கடை ஹைம்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் காலத்தில் இதற்குப் பெயருமில்லை, பித்தளையுமில்லையாம். பூட்டிக் கிடந்த ஒரு பழைய மாடி வீடு, சுவரெல்லாம் சாம்பல் நிறம். முகட்டுக்கும் அட்டை அடித்து மறைத்திருந்ததாம், பூவை அவர் கண்டதில்லை. ஊரில் வேறு யாரும் இருக்க விரும்பாத கட்டடம் என்பதால் அகதிகளைக் கொண்டுவந்து போட்டார்கள். இந்த அறைக்குள் ஆறு பெடியங்கள், அடுக்குக் கட்டில். கீழே குசினியில் பாணும் குளிர்ந்த இறைச்சியும் கொடுப்பார்கள். அறைக்குள் சமைக்கவே கூடாது, பிடிபட்டால் அகதி வழக்குக்குக் கூடாது என்று பெடியங்களுக்குள் ஒரு பயம்.

அந்த ஆறு பேரில் ஒருவன் இவரோடு ஒரே பிளேனில் வந்தவன். மன்னார்ப் பக்கத்துப் பெடியன், மிளகாய் இடித்த சம்பல் இல்லாமல் சோறு இறங்காது. எங்கேயோ ஒரு மின்சார அடுப்பும் ஒரு இரும்புத் தாச்சியும் வாங்கிக்கொண்டு வந்தான். சத்தம் கேட்கக்கூடாது என்று கதவுக்குத் துணி வைத்து அடைத்தான், ஜன்னலைச் சாத்தினான், மற்றவர்களுக்குக் கதைக்காதையுங்கோ என்று சைகை காட்டினான். எல்லா ஏற்பாடும் செய்துவிட்டு அந்த விசரன் செத்தல் மிளகாய் பொரித்தான்.

செத்தல் மிளகாயை ஒளித்துப் பொரிக்கலாம் என்று நினைக்க எங்கள் பெடியனால்தான் முடியும். முதல் புகைக்கே மாடி முழுக்க இருமல். ஹைமுக்குப் பொறுப்பான மனுசன் இருமிக்கொண்டு படியேறி வரும் சத்தம் கேட்க, பெடியன் அடுப்பை அலுமாரிக்குள் தள்ளிவிட்டு, கொதிக்கும் தாச்சியை அப்படியே வெறும் தரையில் வைத்துக் கட்டிலுக்குக் கீழே காலால் தள்ளினான். மனுசன் வந்து கண்ணீர் வழிய நின்று கத்தினான். ஆறு பேரும் ஒன்றும் அறியாத பிள்ளைகள் மாதிரி நின்றார்கள். கட்டிலுக்குக் கீழே தரைப் பலகை கருகிக்கொண்டிருந்தது. மனுசன் போன பிறகு தாச்சியைத் தூக்கினால் இந்த வட்டம். அதற்கு மேலே கட்டில் காலை நகர்த்தி வைத்துவிட்டு, இருந்து சம்பல் சாப்பிட்டார்கள். வாழ்க்கையில் அப்படி ஒரு சம்பல் தான் சாப்பிட்டதில்லை என்றார் இவர். கலியாணம் கட்டி இத்தனை வருஷம் என் கையால் சாப்பிடுகிற மனுசன், அதை என் முகத்துக்கு நேரே சொன்னார்.

பிறகு அந்தப் பெடியனின் வழக்குத் தோற்றது. ஒரு விடியற்காலை பொலிஸ் வந்து கூட்டிக்கொண்டு போய், திருப்பி ஊருக்கே பிளேன் ஏற்றிவிட்டது. இறங்கி அதிக நாள் இல்லை. பிடித்துக்கொண்டு போனார்கள், பிறகு செத்துப்போனான் என்ற செய்தி மட்டும் வந்தது. அவனுடைய படம் ஒன்றும் இவரிடம் இல்லை. உடம்பும் கிடைக்கவில்லை, புதைத்த இடமும் இல்லை. தாய் தகப்பனும் போய்விட்டார்கள். இவ்வளவையும் இவர் எனக்குச் சொன்னது அன்றைக்குத்தான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இவர்கள் பிடித்துத் துரத்திவிட்ட பிள்ளை வைத்த சூட்டைப் பீரங்கிக் குண்டு என்று சொல்லிக் காசு பார்க்கிறார்கள். எந்த ராசா இதில் படுத்தான், எந்தப் பிரபு இதில் சாப்பிட்டான் என்று கீழே சுவர் நிறைய எழுதி வைத்திருக்கிறார்கள், ஆறு பெடியங்கள் பாணும் குளிர் இறைச்சியும் தின்று இதற்குள் அழுததற்கு ஒரு வரி இல்லை. வரலாறாம், வரலாறு. விளக்குமாறு. நான் செருப்பை மாட்டினேன். கீழே போய் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, முகட்டைக் காட்டி, நாலு சனத்துக்கு முன்னால் அவர்களின் குண்டைக் கிழித்துத் தொங்கவிடுவது என்று கதவைத் திறந்தேன்.

"நில்லும்," என்றார் இவர். இன்னும் தரையிலேயே இருந்தார். "ஒண்டும் சொல்லாதையும்."

"ஏன் சொல்லக்கூடாது? நீங்கள் பயப்பிடுறியளோ?"

"குண்டெண்டு நினைக்கிறபடியாலைதான் கண்ணாடி போட்டு வைச்சிருக்கினம். மிளகாய் பொரிச்ச தாச்சி எண்டு தெரிஞ்சா பலகையைக் கழட்டி எறிஞ்சு போடுவினம்."

பக்கத்து அறையில் ஒரு பலகை படார் என்று பெயர்ந்தது. நான் செருப்பைக் கழற்றினேன்.

மகளுக்கும் சொல்ல வேண்டாம் என்றார். அவள் சொன்னால் மருமகன் எழுதுவார், எழுதினால் பரவும், பரவினால் கழற்றுவார்கள். அங்கே இருந்த மிச்ச நாளெல்லாம் மருமகன் குண்டைப் பற்றிக் கதைக்கக் கதைக்க நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று விளங்கும்.

திரும்பி வந்த பிறகு விட்பி வீட்டில் ஒரு பிறந்தநாள். மருமகன் டிவியில் பயணப் படங்களைப் போட்டார். கல் ஒழுங்கை வந்தது, கால் வைத்த தொட்டி வந்தது, கடைசியில் கறுப்பு வட்டம் டிவி நிறைய வந்து நின்றது. மருமகன் எழும்பி நின்று பலகையில் இருந்ததை ஒரு சொல் விடாமல் ஒப்புவித்தார். சனம் உச்சுக் கொட்டியது. மருமகனின் தகப்பனுக்குத் தெரிந்த ஒருவர் இவர் பக்கம் திரும்பி, அப்பாவியாகக் கேட்டார்:

"அண்ணை, அந்தக் குண்டாலை ஆருக்கும் ஏதும் நடந்ததே?"

இவர் கோப்பையில் இருந்து தலையை நிமிர்த்தவில்லை. "ஓம்," என்றார். "ஒரு பெடியன் செத்தவன். இருபத்தொரு வயசு."

மருமகன் குழம்பிப்போனார். "பலகையிலை அப்பிடி ஒண்டும் போடேல்லையே மாமா."

"அவையள் போடமாட்டினம் தம்பி," என்றார் இவர்.

மருமகன் அடுத்த படத்துக்குப் போகப் பார்த்தார். "அந்தப் படத்தை இன்னும் கொஞ்சநேரம் விடும்," என்றேன் நான். மகள் என்னைப் பார்த்தாள், பிறகு தகப்பனைப் பார்த்தாள், பிறகு படத்தைப் பார்த்தாள். எழும்பிப்போய் மருமகனின் கையில் இருந்த ரிமோட்டை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.