பசியில் நின்ற மெஷின்

நேற்று மகன் தொலைபேசியில் கேட்டான். "அப்பா, எங்கட சேர்வர் பேக்கப் விடிஞ்சும் முடியுதில்ல. நீங்கள்தானே அந்தக் காலத்தில இதுக்கொரு வழி கண்டுபிடிச்சனீங்கள்?" "ஓம்" என்றேன். வாய் கூசவேயில்லை. உங்களுக்கு மட்டும் உண்மையைச் சொல்கிறேன்.

போனை வைத்ததும் சூடான பிளாஸ்ரிக் மணம் மூக்கில் ஏறியது. டேப்பின் மணம். கொழும்பு கொட்டாஞ்சேனையில் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு கப்பல் கம்பனியில் வேலை செய்தேன். யுத்த காலம். எங்கே குண்டு வெடிக்குமென்று தெரியாததால், வாரம் ஒருமுறை சேர்வரில் உள்ளதெல்லாம், பாட்டுக் கசற் மாதிரியான ஒரு டேப்பில் பிரதியாக ஏறும். அந்த டேப் எங்களில் ஒருவரின் சாப்பாட்டுப் பையில் வீட்டுக்குப் போகும். வெள்ளி மாலை தொடங்கினால் திங்கள் காலையும் ஓடிக்கொண்டிருக்கும். கிளார்க்மார் ஃபைல் திறக்க முடியாமல் என்னைத் திட்டுவார்கள். நானும் பெரிய விண்ணன் மாதிரி மனேஜரிடம் வாதாடி, வேகமான டேப் மெஷின் ஒன்று வாங்குவித்தேன். ஒரு மணித்தியாலம்கூடக் குறையவில்லை.

அப்போதுதான் அன்ரன் வேலைக்குச் சேர்ந்தான். கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவன். வந்த இரண்டாம் வாரம் மெஷினில் காதை வைத்தான். கிர்ர் என்று ஓடும், நிற்கும், பின்னால் சுற்றும், மறுபடி கிர்ர்.

"மெஷின் ஸ்லோ இல்ல மச்சான், பசியில நிக்குது. லட்சக்கணக்கில சின்னச் சின்ன ஃபைல். ஒவ்வொண்டாத் தேடித் தேடி ஊட்டினா அது என்ன செய்யும்?"

ஃபைல்களை நாலு பங்காக்கி, நாலையும் ஒரே நேரத்தில் வாசிக்கவைத்து, சும்மா கிடந்த டிஸ்க் ஒன்றில் சேர்த்தான். பிறகு அங்கிருந்து ஒரே மூச்சில் டேப்புக்குக் கொடுத்தான். சனி மத்தியானமே முடிந்தது. இரண்டு வருடமாக அந்தச் சத்தத்துக்குப் பக்கத்திலிருந்து தேத்தண்ணி குடித்தவன் நான். வயிறு எரிந்தது.

அவனுடைய சிங்களத்திலும் எனக்குப் பொறாமை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் அறையெடுத்திருந்த எனக்கு, செக் பொயின்ற்றில் ஆமிக்காரன் டேப்பைத் தூக்கி "மேக்க மொகக்த?", இது என்ன, என்று கேட்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒருநாள் கூட வந்த அன்ரன் "சிந்து நே அய்யே" என்றான். பாட்டொன்றும் இல்லை அண்ணே என்று. ஆமிக்காரனும் சிரித்துவிட்டான்.

பொறுக்கமுடியாமல் மனேஜரிடம் போனேன். "திருப்பி எடுத்துப் பாக்காமல் நம்பேலாது சேர்." அக்கறை மாதிரித்தான் சொன்னேன். எல்லோருக்கும் முன்னால் டேப்பிலிருந்து ஃபைல்களைத் திருப்பி எடுத்தோம். ஒன்றாவது பழுதாக வந்தால் தேங்காய் உடைப்பதாகப் பிள்ளையாருக்கு நேர்ந்திருந்தேன். எல்லாம் முழுசாக வந்தன. மனேஜர் கைகுலுக்கியதும் அன்ரன் நேரே என்னிடம் வந்தான்.

"தாங்க்ஸ் மச்சான். எனக்கும் உள்ளுக்குள்ள பயம்தான். நீ செக் பண்ணச் சொன்னபடியால இப்ப நிம்மதி."

அடுத்த வருடம் அவன் கனடா போனான். நான் பம்பலப்பிட்டியில் ஒரு வேலைக்கான நேர்முகத்துக்குப் போனபோது, மெஷினில் காதை வைத்துக் கேட்டது நான்தான் என்றேன். வேலை கிடைத்தது. அதன்பிறகு எத்தனை பேருக்கோ அப்படியே சொல்லிவிட்டேன்.

இப்போது அந்தக் கம்பனி இல்லை, மனேஜர் இல்லை, மெஷின் இல்லை, செக் பொயின்ற் இல்லை. போன மாசியில் அன்ரனும் செத்துப்போனான். நான் சொல்வது பொய் என்று சொல்ல மிஞ்சியிருந்தவன் அவன் ஒருவன்தான். இருந்திருந்தாலும் சொல்லியிருக்கமாட்டான். அதுதான் இன்னும் எரிகிறது.