பீட்ரூட் இலையும் எங்கள் மாடும்

தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் பீட்ரூட் போட்டிருக்கிறோம். கிழங்கு லிந்துலைக் கடைக்குப் போகும். இலை முழுவதும் எங்கள் மாட்டுக்குத்தான். போன மாதம் என் மனைவிக்கு ரத்தம் குறைவாக இருக்கிறது, கீரை நிறையச் சாப்பிடட்டும் என்று கிளினிக்கில் நர்ஸ் சொன்னதும் நான் பதறிப்போனேன். பஸ் பிடித்து ஹட்டனுக்குப் போய், வாடிப்போன முளைக்கீரைக் கட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் அவள் பீட்ரூட் இலையை அரிந்துகொண்டிருந்தாள். “நர்ஸம்மா சொல்லி முடிக்கிறதுக்குள்ள ஓடிட்டீங்களே. பீட்ரூட் இலையும் முளைக்கீரையும் ஒரே குடும்பமாம். இதை வதக்கித் தின்னா போதுமாம்” என்று சிரித்தாள்.

எரிச்சலில் கீரைக்கட்டை மாட்டின் முன்னால் போட்டேன். முகர்ந்து பார்த்துவிட்டு அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. இத்தனை வருஷமாக எங்கள் வீட்டில் நல்ல சாப்பாடு சாப்பிட்டது யார் என்று அப்போதுதான் விளங்கியது.