அரைமணி நேரத்துக்கு வந்த மெஷின்

கணவன் நல்லவன். கெட்டவனாக இருந்திருந்தால் டீச்சர் பிழைத்திருப்பாள். சண்டை போட்டாவது ஜெயித்திருப்பாள்.

மாமனார் பக்கவாதத்தில் விழுந்ததும் பள்ளிக்கூட வேலையை விட்டவள் அவள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் அவள் தலையில்தான் விடிந்தது. சாயங்காலம் பிசியோதெரபிஸ்ட் வந்து பெரியவரின் கைகாலை மடக்கி நீட்டும் அரைமணி நேரம் மட்டும் விடுதலை. தெருமுனைக் காப்பிக் கடைக்கு ஓடுவாள். ஒரு காப்பியை வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்காருவாள். அங்கே அவளை யாரும் எதற்கும் கூப்பிடமாட்டார்கள். கடைக்காரப் பெண் மட்டும், "டீச்சர், சர்க்கரை போதுமா?" என்பாள்.

இது கணவன் கண்ணில் பட்டது. அவனுக்கு மனசு கேட்கவில்லை.

"ஒரு காப்பிக்காக மழைலயும் வெயில்லயும் ஓடுறியே. எஸ்பிரசோ மெஷின் ஒண்ணு வீட்டுக்கே வாங்கிடலாம். நம்ம வசதிக்கு ஏத்த மாதிரி நீயே பாத்து எடு."

அந்த அரைமணி நேரத்துக்கு ஆபத்து என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

மெஷின் கடையில் நுழைந்ததுமே நொட்டை சொல்ல ஆரம்பித்தாள். அத்தனையும் நியாயமான நொட்டை, அதுதான் வினை.

"தூள் அடைச்ச கேப்சூல் போடறதா? மெஷின் மலிவுதான். கேப்சூல் வாங்கியே ஆண்டியாயிடுவோம்."

அது ஒதுங்கியது. அடுத்தது கையால் நெம்பி அழுத்துவது.

"இதை அழுத்தறதுக்கு என் கைல தெம்பில்லைங்க."

மாமனாரைத் தனியாளாகத் தூக்கி உட்காரவைக்கும் கை அது. கணவன் அதை யோசிக்கவில்லை. பாவம் என்று மட்டும் நினைத்தான்.

மிஞ்சியது ஒன்று. தானே அழுத்தம் கொடுக்கும் பம்ப், பால் நுரைக்க ஒரு நீராவிக் குழாய், விலையும் அடக்கம். குறை சொல்ல ஒன்றும் அகப்படாமல் தவித்தாள்.

"சமையல் மேடைல இடமில்லையே."

கணவன் சட்டைப் பையிலிருந்து இஞ்ச் டேப்பை உருவினான். மேடையை முந்தின நாளே அளந்துவிட்டிருந்தான், படுபாவி.

"கச்சிதமா உக்காரும்!"

"மேடம் விவரமானவங்க. நல்லதா பாத்து வடிகட்டிட்டாங்க," என்றான் விற்பனைப் பையன்.

அப்போதுதான் வாயை விட்டாள். "நான் காப்பிக்காக மட்டும் அங்க போகலைங்க."

"பின்ன எதுக்கு?"

சூது வாது இல்லாத கேள்வி. உங்க அப்பா இல்லாத இடத்துல கொஞ்ச நேரம் இருக்கணும் என்பதுதான் பதில். பெரியவர் மேல் அவளுக்கு வெறுப்பில்லை. ஆனால் இதை எந்த வாயால் சொல்வது?

"சும்மாதான். இதையே எடுத்துக்கலாம்."

மறுநாள் சாயங்காலம் காப்பி பிரமாதமாக வந்தது. அதிலும் அவளுக்கு அதிர்ஷ்டமில்லை.

பெரியவரின் முழங்காலை மடக்கிக்கொண்டே பிசியோதெரபிஸ்ட் மூக்கை உறிஞ்சினார். "வாசனை ஆளைத் தூக்குதேம்மா! எனக்கும் ஒரு வாய் கிடைக்குமா?"

பெரியவர் கோணிய வாயால் சிரித்து, தனக்கும் ஒன்று என்று விரலைக் காட்டினார். ஆபீசிலிருந்து சீக்கிரமே வந்துவிட்ட கணவன் சட்டமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். ஒவ்வொரு கோப்பைக்கும் தூளை அமுக்கி, சக்கையைத் தட்டி, குழாயைத் துடைத்து, அவள் பங்கு இறங்குவதற்குள் பிசியோதெரபிஸ்ட் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியே விட்டார்.

கணவன் கடைசிச் சொட்டையும் உறிஞ்சிவிட்டு அவளைப் பெருமையாகப் பார்த்தான்.

"இனிமே நீ வாசப்படியே தாண்ட வேண்டாம்," என்றான்.