மின்கம்பத்தடி முதல் டிரம்

திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி செவ்வாயும் வெள்ளியும் வரும். லாரியின் குழாய் மின்கம்பம் வரைதான் எட்டும். அதனால் டிரம்கள் அங்கிருந்து வரிசையாக நிற்கும்; கடைசி டிரம்முக்கு வருவதற்குள் லாரி காலியாகிவிடுவதும் உண்டு. முந்தின மாலையே டிரம்மை வைத்து உள்ளே ஒரு கல்லைப் போட்டுவிட்டால், அந்த இடத்தை யாரும் தொடமாட்டார்கள். குடிவந்த நாளிலிருந்து நான் டைரி எழுதுகிறேன். இந்த வழக்கத்தை யாரும் மீறியதாக எந்தப் பக்கத்திலும் இல்லை, அந்த வெள்ளிக்கிழமை வரை.

காலை ஆறே முக்காலுக்கு வெளியே வந்தால் என் டிரம் வரிசையின் கடைசியில் கவிழ்ந்து கிடந்தது. மின்கம்பத்தடியில் எதிர்வீட்டுக்காரரின் ஏழு டிரம்கள். அவருக்குச் சொந்தமாக டிரெய்லர் லாரிகள், வாட்டசாட்டமாக மூன்று மகன்கள்.

தண்ணீர் லாரி டிரைவரிடம் முறையிட்டேன்.

"நான் தண்ணி வுட வந்துகிறேன் சார், பஞ்சாயத்து பண்ண வர்ல."

எதிர்வீட்டுக்காரர் சிரித்தார். "இன்னா சார், டைரில எழுதிக்கினியா? நல்லா எழுது. நாள், கெயமை எல்லாம் போட்டு எழுது."

நான் நியாயம் பேசிக்கொண்டிருக்கையிலேயே லாரி காலியாகிவிட்டது. மூட்டு அறுவை சிகிச்சை முடிந்து பதினோராம் நாளில் இருந்த என் மனைவி, என்னிடம் சொல்லாமல் குடத்தோடு அடுத்த தெரு அடிபம்புக்குப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது தையல் போட்ட இடத்தில் ரத்தம் கசிந்திருந்தது. அதையும் நேரம் போட்டு எழுதினேன்.

அந்த வாரம் நான் படித்துக்கொண்டிருந்தது வண்ணாரப்பேட்டை நடைபாதையில் வாங்கிய பழைய புத்தகம் ஒன்று. நாடுகளுக்கிடையிலான உறவில் யதார்த்தவாதம் என்ன சொல்கிறது என்பது பற்றியது. நாடுகளுக்கு மேலே போலீஸ் கிடையாது. ஒவ்வொன்றும் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டும். பலத்தைப் பலத்தால்தான் தடுக்க முடியும். இதை விளங்கிக்கொள்ள எனக்கு உலக வரைபடம் தேவைப்படவில்லை. அந்த டிரைவரின் ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது.

முதலில் ஒரு தவறு செய்தேன். பாதுகாப்புக்காக இன்னொரு டிரம் வாங்கினேன். அதைப் பார்த்த எதிர்வீட்டுக்காரர் மேலும் மூன்று வாங்கினார். ஒருவர் பயத்தில் சேர்க்கும் பலம் அடுத்தவரையும் பயமுறுத்தும் என்று புத்தகம் எச்சரித்திருந்தது. நான்தான் அந்த அத்தியாயத்துக்கு இன்னும் வந்திருக்கவில்லை.

பிறகு கூட்டணி. முனை வீட்டில் ஐஸ் கம்பெனித் தொழிலாளி, நான்கு டிரம்காரர். ஒற்றை டிரம் வைத்திருந்த மூன்று வீடுகள். அப்புறம் நான். வியாழன் மாலை எங்கள் டிரம்களின் விளிம்பில் ஓட்டை போட்டு, ஐஸ்காரர் கொண்டுவந்த படகுக் கயிற்றைக் கோத்து மின்கம்பத்தில் கட்டினோம். என் டிரம்தான் முதலில். விடியற்காலை ஐஸ்காரரின் மைத்துனர்கள் இருவர் காசிமேட்டிலிருந்து வந்து சும்மா நின்றார்கள்.

எதிர்வீட்டுக்காரர் கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "இன்னாடா இது?"

"போட்டுக் கயிறு மாமு. அவுத்துப் பாரேன்," என்றார் ஐஸ்காரர்.

எதிர்வீட்டுக்காரர் மைத்துனர்களைப் பார்த்தார். அவிழ்க்கவில்லை. அன்று அவருடைய பத்து டிரம்களும் காய்ந்தன. அவர் மனைவி ஒரு குடத்தோடு என் வாசலுக்கு வந்து, "ஒரு கொடம் மட்டும், அண்ணே" என்றார். நான் அவருக்குப் பின்னால், தெருவில் நின்ற அவர் கணவரைப் பார்த்துச் சொன்னேன்: "நல்லா எழுதிக்கிறேன் சார். கிழமை எல்லாம் போட்டு."

அந்தச் சுகத்தை முழுதாக அனுபவிக்க முடியவில்லை. என் மனைவி நொண்டியபடி வந்து அந்தக் குடத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டாள். அதற்காக அவளோடு இரண்டு நாள் பேசவில்லை.

கூட்டணி ஐந்து வாரம் நீடித்தது. போன செவ்வாய், ஐஸ்காரரின் டிரம்கள் ஆறாகியிருந்தன. இரண்டு என் டிரம்முக்கு முன்னால் நின்றன. கேட்டேன்.

"கயிறு நம்ளுது இல்ல சார்?" என்றார்.

நேற்று மாலை எதிர்வீட்டுப் படியேறினேன். அவரே நாற்காலி எடுத்துப் போட்டார். "வா சார். டைரி எட்தாந்தியா?"

"எடுத்து வந்திருக்கிறேன்" என்றேன். ஐஸ்காரரை எப்படி மடக்குவது என்று அரைமணி நேரம் பேசினோம். அவர் வீட்டுக் காபியையும் குடித்தேன். ரத்தம் கசிந்த நாளின் பக்கத்தை மட்டும் மடித்து வைத்திருந்தேன். ஐஸ்காரர் கதை முடியட்டும். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தைத் திறப்பேன்.